செத்த கேமராவுக்கும் ஞாபகம் உண்டு



நம் தோட்டத்து வீடுகளுக்குள் புதிதாக என்னென்ன சாமான்கள் குடிவந்திருக்கின்றன என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் தட்டினால் எரிகிற விளக்கு. பட்டணத்தில் இருந்துகொண்டே அணைக்கக்கூடிய பிளக். பேசினால் பதில் சொல்கிற ஒலிபெருக்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்து மூலையில் உட்கார்ந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சின்னக் கேமரா. கோலாலம்பூரிலோ ஜோகூர் பாருவிலோ வேலை பார்க்கிற பிள்ளை, தோட்டத்தில் தனியாக இருக்கும் தாய் சாப்பிட்டாளா, வழுக்கி விழுந்தாளா என்று பார்க்க வாங்கி மாட்டியது அது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாயை மறக்காத பிள்ளையின் வேலைதான் அது.

வாங்கும்போது விலை கேட்கிறோம். மாட்டும்போது எங்கே மாட்டுவது என்று கேட்கிறோம். ஆனால் அது கெட்டுப்போன பிறகு என்ன செய்வது என்று யாராவது கேட்கிறோமா? "சுராட் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லோரி வருகிறது. பழைய நாளிதழோடும் துருப்பிடித்த இரும்போடும் கேமராவையும் தூக்கிப் போடுகிறோம். இரண்டு வெள்ளி கிடைத்தால் லாபம் என்று நினைக்கிறோம். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறோம்.

அப்படிக் கொடுக்கும்போது கூடவே எதைக் கொடுக்கிறோம் என்பதைத்தான் இந்த மாதக் கரும்பலகையில் எழுதப்போகிறேன்.

கரண்டு போனாலும் மறக்காத சில்லு

இந்தச் சாமான்களைப் பார்த்து நாம் வியப்பது ஒன்று உண்டு. இடி மழையில் கரண்டு போய்விடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. விளக்கும் கேமராவும் யாரையும் ஒன்றும் கேட்காமல் தாமாகவே வைஃபையில் சேர்ந்துகொள்கின்றன. கடவுச்சொல்லை மறுபடி யாரும் தட்டவில்லையே, அது எப்படி? கரண்டு இல்லாத அந்த ஒரு மணி நேரமும் அதை அவை ஞாபகத்தில் வைத்திருந்தன என்பதுதான் பதில்.

அந்த ஞாபகம் இருக்கும் இடத்துக்கு ஃபிளாஷ் நினைவகம் என்று பெயர். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. 1984-இல் அவர் அதை உலக அறிஞர்கள் முன் அறிவித்தார். இன்றைக்கு உங்கள் கைப்பேசியிலும் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் சின்ன 'பென் டிரைவ்'விலும் இருப்பது அதே வகைதான்.

அது எப்படி வேலை செய்கிறது? பால்மரம் வெட்டிய நமக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு பெரிய தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிரை நிரையாக மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு. சில மங்குகளில் பால் இருக்கிறது, சில காலியாக இருக்கின்றன. பால் இருக்கிற மங்கு 0 என்றும், காலி மங்கு 1 என்றும் கணக்கு வைத்துக்கொள்வோம். எட்டு மங்குகளை வரிசையாகப் பார்த்தால் ஓர் எழுத்து. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தான 'ஏ'யை எழுத வேண்டுமானால் 01000001 என்று நிரப்பினால் போதும். இந்த மங்குகளில் இருப்பது பால் அல்ல, எலக்ட்ரான் என்னும் நுண்ணிய மின்துகள்கள். சுற்றிலும் மின்சாரம் புகாத சுவர். அதனால் உள்ளே போனது தானாக வெளியே வழியாது.

ஒரு சாதாரண கேமராவில் இருக்கும் நினைவுச் சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டுக் கால்கள். அதற்குள்ளே 67 மில்லியனுக்கும் மேற்பட்ட மங்குகள். கரண்டே கொடுக்காமல் வைத்தாலும் 20 ஆண்டுகளுக்கு எழுதியது அழியாது என்று இப்படிப்பட்ட சில்லு செய்கிறவர்கள் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். இன்று தூக்கிப்போடும் கேமரா, உங்கள் பேரப்பிள்ளை கல்யாண வயதுக்கு வரும்வரை உங்கள் வீட்டுக் கடவுச்சொல்லை வைத்திருக்கும் என்று அர்த்தம்.

எட்டுக் கால்களில் ஒரு கிளிப்

சரி, உள்ளே இருந்தால் இருக்கட்டும், அதை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று சிலர் கேட்பீர்கள். அது ஒன்றும் பெரிய மந்திரம் அல்ல. நானே என் கண்ணால் பார்த்தேன்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன் இப்போது பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது, எங்கள் தோட்டத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் இடி விழுந்து கேமரா கெட்டுப்போனது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி மாட்டியது. லோரிக்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்தார். இவன் போய், "பாட்டி, அதை எனக்குக் கொடுங்க. பிரிச்சுப் பாத்துட்டுத் தரேன்" என்று கேட்டான்.

"செத்துப்போன சாமான்ல என்னத்தப்பா பாக்கப்போற?" என்றார் அந்த அம்மா.

"ஒடம்புதான் பாட்டி செத்துப்போச்சு. மூளை இருக்கான்னு பாக்கணும்."

பள்ளிக்கூடத்து மேசையில் வைத்துப் பிரித்தான். அந்த அம்மாவும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான்கு ஸ்குருதான். மின்சாரம் வாங்கும் பக்கம் கருகிக் கிடந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி அந்த எட்டுக் கால் சில்லு பளபளவென்று நன்றாகவே இருந்தது. அதன் முதுகில் பொடி எழுத்தில் ஒரு நம்பர். அந்த நம்பரைக் கொண்டே அது எத்தனை எழுத்துக் கொள்ளும், எத்தனை வோல்ட் கேட்கும் என்று தெரிந்துகொள்ளலாம் என்றான்.

துணி உலர்த்தும் கிளிப் போல ஒன்றை எடுத்து எட்டுக் கால்களையும் கவ்வப் பிடித்தான். கிளிப்பிலிருந்து ஒயர் ஒரு சின்ன அட்டைக்குப் போகிறது. அட்டை மடிக்கணினியில் சொருகியிருக்கிறது. கிளிப், அட்டை எல்லாம் சேர்த்துச் சில பத்து வெள்ளிதான். இணையக் கடைகளில் யாரும் வாங்கலாம்.

இங்கே நடப்பது எளிதான பேச்சுதான். கணினி முதலில் "நீ யார்?" என்று சில்லைக் கேட்கிறது. சில்லு தன் கம்பெனியையும் அளவையும் சொல்கிறது. பிறகு கணினி, "முதல் வீட்டிலிருந்து வரிசையாகப் படி" என்கிறது. சில்லு ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறது. கேட்பவர் யார், சொந்தக்காரரா திருடரா என்று அது கேட்பதில்லை. கேட்க அதற்குத் தெரியாது. சில நிமிடங்களில் முழுவதும் கணினிக்கு வந்துவிட்டது. அவன் இன்னொரு முறையும் படித்து இரண்டையும் ஒப்பிட்டான். ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது சந்தேகம் வந்தால் மறுபடி நிறுத்துப் பார்ப்போமே, அதுபோல. கிளிப் ஒரு காலில் சரியாகப் படியாவிட்டால் தப்பும் தவறுமாக வரும் என்றான்.

படித்ததில் பெரும்பகுதி மனிதருக்குப் புரியாத குப்பைபோல் இருந்தது. அது கேமராவை நடத்தும் நிரல். அதிலிருந்து படிக்கக்கூடிய சொற்களை மட்டும் சலித்தெடுக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தான். அரிசியில் கல் பொறுக்குவதுபோல வரிசை வரிசையாகத் திரையில் வந்தன. அவற்றில் ஒரு வரி வைஃபையின் பெயர். அடுத்த வரி மகனுடைய மின்னஞ்சல். அதற்கடுத்த வரியை அவன் வாய்விட்டுப் படித்தான்.

அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அது எம் பேத்தி பேரு! அவ பொறந்த வருசம்!"

ஆமாம். பேத்தியின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்த வீட்டு வைஃபையின் கடவுச்சொல். பூட்டு இல்லை, மறைப்பு இல்லை, நாம் எழுதி வைத்த சீட்டுப்போல அப்படியே இருந்தது. அன்று இரவே மகனுக்குப் போன் பேசினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், மின்னஞ்சலுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறாராம். போனை வைப்பதற்கு முன்பே இரண்டையும் மாற்றிவிட்டார்.

அந்தக் கேமரா லோரியில் ஏறியிருந்தால்? பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கோ தூரத்து ஊரில் இருப்பவன் நம் வைஃபையில் வந்து உட்கார முடியாது. அதற்கு நம் வீட்டுப் பக்கம் வரவேண்டும். ஆனால் பழைய சாமான் பல நேரம் தூரம் போவதில்லை. அடுத்த தாமானிலேயே கைமாறும். அதோடு, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவே! மின்னஞ்சலுக்குள் நுழைய யாரும் நம் வீட்டுப் பக்கம் வரத் தேவையில்லை. மின்னஞ்சல் கைக்கு வந்தால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்களெல்லாம் அவன் கைக்கே வரும். பயப்பட வேண்டியது அங்கேதான்.

இது உலகம் அறிந்த சங்கதி

இது ஏதோ மலிவான சாமானில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். பேர்போன சாமான்களிலும் நடந்திருக்கிறது.

2019 ஜனவரியில், லிஃப்எக்ஸ் என்ற பெயருள்ள வைஃபை விளக்கு ஒன்றை ஓர் ஆய்வாளர் அறுத்துப் பிரித்துப் பார்த்த செய்தி வந்தது. விளக்குக்குள் இருந்த நினைவகத்தைப் படித்தபோது வீட்டு வைஃபையின் கடவுச்சொல் பச்சையாக இருந்தது. நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்த பிறகுதான் அவர் அதை வெளியிட்டார். நிறுவனமும் மென்பொருளைத் திருத்தியது. ஒரு விளக்கு! ஃபியூஸ் போனால் நாம் யோசிக்காமல் குப்பையில் போடுகிற சாமான் அது.

2021-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமேசான் நிறுவனத்தின் எக்கோ டாட் என்னும் பேசும் ஒலிபெருக்கிகளைப் பழையதாக வாங்கினார்கள். மொத்தம் 86. அவற்றில் 61 விழுக்காட்டை முன்பு வைத்திருந்தவர்கள் அழிக்காமலேயே விற்றிருந்தார்கள். வைஃபைக் கடவுச்சொல் உள்ளே அப்படியே இருந்தது. அதைவிட ஆச்சரியம், முறையாக அழிக்கும் பொத்தானை அழுத்திய பிறகும் நினைவகத்தின் மூலைகளில் பழைய விவரங்கள் தங்கியிருந்ததை அவர்கள் காட்டினார்கள்.

அழித்த பிறகும் எப்படி இருக்கும்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, அழிப்பது என்று நாம் சொல்வது பல நேரம் வெறும் கணக்கு வேலை. கிராணி செக்ரோலில் ஒருவரின் பெயரை அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடமே அவர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டாரா? அவர் சட்டிபானையெல்லாம் அங்கேதானே இருக்கிறது? அதுபோல, "இந்த இடம் காலி" என்று குறித்து வைப்பதோடு சாமான் நிறுத்திக்கொள்கிறது. வேறு எதையாவது அங்கே எழுதும்வரை பழையது இருக்கும்.

இரண்டாவது, ஃபிளாஷ் நினைவகத்தின் சுபாவம். அதில் ஒரு மங்கை மட்டும் தனியாகக் கவிழ்க்க முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் ஒரே அடியாகத்தான் கவிழ்க்க முடியும். கேமராவின் ஒளி பளிச்சென்று அடிப்பதுபோல ஒரே நொடியில் எல்லாம் காலியாவதால்தான் ஃபிளாஷ் என்றே பெயர் வந்தது. ஆனால் அப்படிக் கவிழ்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே பட்டையில் ஓயாமல் வெட்டினால் மரம் தாங்குமா? ஒரு பட்டைக்கு ஓய்வு கொடுத்து மறு பட்டையில் வெட்டுகிறோம் அல்லவா? பெரிய நினைவகங்களும் அப்படித்தான். புதிதாக எழுத வந்ததை வேறு இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தை ஓய்வில் விடுகின்றன. பழைய கடவுச்சொல் அந்த ஓய்வுப் பட்டையில் ஒளிந்திருக்கிறது.

செய்கிறவர்கள் ஏன் பூட்டி வைப்பதில்லை?

பூட்டலாம். சில நல்ல சில்லுகளில் எழுதும்போதே சங்கேதமாக மாற்றி எழுதும் வசதி உண்டு. அதைக் கிளிப் போட்டுப் படித்தால் வெறும் குப்பைதான் வரும். ஆனால் சங்கேதத்தைத் திறக்கும் சாவியை எங்கே வைப்பது? அதே நினைவகத்தில் வைத்தால், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்ட கதைதான். வெளியிலிருந்து படிக்க முடியாதபடி மூளைச் சில்லின் உள்ளேயே சாவியைப் புதைக்க வேண்டும். அதற்கான வேலையும் சோதனையும் செலவும் அதிகம். விலை மலிய வேண்டும் என்று போட்டி போடுகிறவர்கள் பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

நல்ல சாமானை எப்படி அடையாளம் காண்பது? சிங்கப்பூரில் 2020 அக்டோபரில் இதற்கென ஒரு முத்திரைத் திட்டம் தொடங்கினார்கள். வீட்டில் வைஃபையில் சேரும் சாமான்களைச் சோதித்து நான்கு படிகளாகத் தரம் போடுகிறார்கள். பெட்டியின் மேல் முத்திரையில் நட்சத்திரங்கள் இருக்கும். நட்சத்திரம் கூடினால் சோதனை கூட. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்குச் சாமான் வாங்கி வரும்போது அந்த முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஐந்து வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இனி வேலைக்கு வருவோம். கீழே உள்ளதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

1. விற்கும் முன், கொடுக்கும் முன், ரிப்பேருக்கு அனுப்பும் முன், சாமானை ஆரம்ப நிலைக்கு அழித்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் ஊசி நுழையும் அளவு ஒரு துளையோ ஒரு பொத்தானோ இருக்கும். சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கைப்பேசிச் செயலியிலிருந்தும் அந்தச் சாமானை நீக்க வேண்டும். கரண்டைப் பிடுங்கினால் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

2. கேமராவில் நகத்தளவு நினைவக அட்டை ஒன்று சொருகியிருக்கும். அதில்தான் படங்கள் எல்லாம் இருக்கின்றன. வீட்டுப் பெண்கள், குழந்தைகள் நடமாடிய படங்கள் அவை. அதைப் படிக்கக் கிளிப்கூடத் தேவையில்லை. சாமானைக் கொடுக்கும் முன் அந்த அட்டையைக் கழற்றிக்கொள்ளுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

3. செத்துப்போன சாமானை அழிக்க முடியாது. உயிர் இருந்தால்தானே சொன்னதைக் கேட்கும்? ஆனால் படிக்க மட்டும் முடியும். ஆகையால் நல்ல சாமானைவிடக் கெட்ட சாமானில்தான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். இதற்கு மருந்து ஒன்றே: வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். சாவி தொலைந்தால் தொலைந்த சாவியைத் தேடி அலைய வேண்டாம், பூட்டை மாற்றினால் போதும். பழைய சாவி யார் கையில் இருந்தாலும் வெறும் இரும்புதான்.

4. வைஃபைக்கு ஒரு சொல், மின்னஞ்சலுக்கு வேறு சொல், வங்கிக்கு முற்றிலும் வேறு சொல். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வைக்காதீர்கள். பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம்.

5. இப்போது வரும் வைஃபைப் பெட்டிகளில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கலாம். கேமரா, விளக்கு, பிளக் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடுங்கள். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைப்பதுபோல. சமையலறை வரை போகத் தேவையில்லை.

6. படுக்கையறையில் கேமரா வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

7. மோசடிக்காரர்களால் வங்கிப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். 2022-இல் நம் நாட்டில் இதற்கென்றே தொடங்கிய மையம் அது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படித்துவிட்டு, "சாமானைப் பிரிக்கிற பையன் எல்லாம் திருட்டுப் பையன்" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பகுதியைச் சேர்க்கிறேன்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பையன் பழைய ரேடியோவைப் பிரித்தால், "ஒடைச்சுக் குட்டிச்சுவராக்கிட்ட" என்று முதுகில் ஒன்று வைப்போம். ஆனால் ஒரு சாமானின் நினைவகத்தை ஒழுங்காகப் படித்தெடுக்கத் தெரிந்தவன் கையில் ஒரு தொழில் இருக்கிறது. கெட்டுப்போன சாமானைப் பிழைக்க வைக்கும் முதல் வேலையே அதுதான்: உள்ளே இருப்பதை அப்படியே படித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எது தவறினாலும் திரும்பப் பழையபடி எழுதிவிடலாம்.

இன்னொரு பயனும் உண்டு. இந்தச் சாமான்களில் பல, செய்த கம்பெனியின் கணினியோடு பேசினால்தான் வேலை செய்யும். கம்பெனி கடையை மூடினால் நம் சாமான் செங்கல்லாகிவிடும். 2016 மே மாதத்தில் அமெரிக்காவில் ரிவால்வ் என்ற சாமானுக்கு அப்படித்தான் நடந்தது. நல்ல நிலையில் இருந்த சாமானையெல்லாம் ஒரே நாளில் ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிட்டார்கள். சில வகை விளக்கு, பிளக் ஆகியவற்றில் பழைய நிரலைப் படித்து எடுத்து வைத்துக்கொண்டு, டாஸ்மோட்டா போன்ற இலவச நிரலை எழுதலாம். பிறகு கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும். காசு போட்டு வாங்கியவனுக்கு அந்த உரிமை வேண்டாமா?

ஆகவே பையனை அடிக்காதீர்கள். அதற்குப் பதில் மூன்று கட்டளை போடுங்கள்.

ஒன்று, சொந்தச் சாமான், அல்லது சொந்தக்காரர் சம்மதித்துக் கொடுத்த சாமான் மட்டும். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது குற்றம் என்று 1997-லேயே நம் நாட்டில் சட்டம் செய்துவிட்டார்கள். உள்ளே கண்ட கடவுச்சொல்லைக் கொண்டு இன்னொருவர் வீட்டு வைஃபையிலோ மின்னஞ்சலிலோ நுழைவது விளையாட்டல்ல.

இரண்டு, பிளக்கில் சொருகியிருக்கும் சாமானில் கை வைக்கவே கூடாது. அதிலும் விளக்கும் பிளக்கும் உள்ளே வீட்டு மின்சாரம் நேராக ஓடும் சாமான்கள். கிளிப் போடும்போது அது சுவரில் சொருகியிருந்தால் கணினியும் போகும், பையனும் போவான். கேமராவிலும் முதலில் ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்குருவில் கை வைக்க வேண்டும். சில மலிவான படிப்பு அட்டைகள் 3.3 வோல்ட் கேட்கும் சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்துக் கெடுத்துவிடும். அதையும் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்று, உள்ளே என்ன கண்டாலும் சொந்தக்காரரிடம் மட்டும் சொல்ல வேண்டும். நண்பர்களிடம் காட்டிச் சிரிக்கக் கூடாது. வைத்தியர் நோயாளியின் ரகசியத்தைக் காப்பதுபோல.

இந்த மூன்றையும் பழகியவன் நாளைக்கு ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் உட்காரலாம். கேமரா செய்கிறவர்களிடமே, "ஐயா, உங்கள் பூட்டு சரியில்லை" என்று சொல்லிச் சம்பளம் வாங்கலாம். நம் பெற்றோர்கள் கத்தியும் வாளியுமாகப் பிழைத்தார்கள். நம் பிள்ளைகள் கிளிப்பும் கணினியுமாகப் பிழைத்தால் நமக்குப் பெருமைதானே?

இந்த மாத வீட்டுப்பாடம்

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டி உட்காருங்கள். ஒரு தாள், ஒரு பேனா. வீட்டில் வைஃபை கடவுச்சொல் தெரிந்த சாமான்கள் எத்தனை என்று எழுதுங்கள். அடுத்து, அந்தச் சொல் தெரிந்திருந்து இப்போது வீட்டில் இல்லாத சாமான்கள் எத்தனை என்று எழுதுங்கள். விற்றது, கொடுத்தது, தூக்கிப்போட்டது எல்லாம். இரண்டாவது பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாவிட்டால் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை செய்து கொடுக்கும். கால் மணி நேர வேலை.

மாற்றிய பிறகு விளக்கும் கேமராவும் சற்றுத் தடுமாறும். ஒவ்வொன்றுக்கும் புதுச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது கொஞ்சம் தொல்லைதான். வீட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்ட அன்று எல்லாருக்கும் புதுச் சாவி செய்து கொடுக்கிறோம் அல்லவா, அந்தத் தொல்லைதான் இதுவும்.

அடுத்த மாதம் வேறொரு பாடத்தோடு சந்திப்போம். வணக்கம்.